டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிகிறது, கேமரா மட்டும் ராத்திரியில் அணைந்து அணைந்து வருகிறது

தஞ்சை கேமரா:
ஓர் அரிசி ஆலையில் பின்பக்கக் கேமரா பகல் முழுக்க நன்றாக ஓடும். இருட்டிவிட்டால் போதும், அணைந்து அணைந்து வரும். முதலாளி கேமராவை மாற்றிவிட்டார், கேமரா கேபிள் போய்ச் சேரும் நெட்வொர்க் ஸ்விட்சையும் மாற்றிவிட்டார். கேபிளை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. கேபிளின் எட்டுக் கம்பியும் முனைக்கு முனை சேர்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்ததே!

இருட்டியதும்தான் கோளாறு என்றால் முதலில் கரண்டைப் பார்க்க வேண்டும். இரவில் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் எரியும்போது கேமரா அதிகமாக இழுக்கும். பிஓஇ கேமராவுக்கு டேட்டாவும் கரண்டும் ஒரே கேபிளில்தான் போகின்றன. சாதாரண பிஓஇ போர்ட் 15.4 வாட் கொடுத்தால், 100 மீட்டர் தள்ளி 12.95 வாட்டாவது போய்ச் சேரும் என்பது கணக்கு. மீதி கம்பியிலேயே சூடாகிப் போய்விடும். ஆனால் அந்தக் கணக்கு செம்புக் கம்பிக்குப் போட்டது.

கேபிள் முனையிலுள்ள ஜாக்கை வெட்டி, ஒரு கம்பியை உரித்து, பிளேடால் மெல்லச் சுரண்டினேன். சிவப்பு போய் உள்ளே வெள்ளை தெரிந்தது. அலுமினியத்துக்கு மேல் செம்புப் பூச்சு. கடையில் சிசிஏ என்பார்கள். அதே தடிமனுள்ள செம்பைவிட மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். அந்தக் கேமராவோ ஸ்விட்சிலிருந்து ஏறக்குறைய 80 மீட்டர். முழுச் செம்பில் கேட் 6 ரக நெட்வொர்க் கேபிள் இழுத்துக் கொடுத்தோம், அன்று இரவே சரியாகிவிட்டது.

கேட் 6 தரநிலை செம்புக் கம்பியை மட்டும்தான் ஏற்கிறது. சிசிஏ பெட்டி மேல் அந்தப் பெயரைப் போட்டு விற்பது அநியாயம். 305 மீட்டர் பெட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள், அலுமினியம் என்றால் லேசாக இருக்கும்.

மண்டபம் லைவ்:
எங்களுக்கும் டெஸ்டர் இப்படித்தான் கைவிட்டது. மண்டப மேடையிலிருந்து பந்தி ஹால் டிவிக்கு நெட்வொர்க் கேபிளில் வீடியோ அனுப்பினால் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஜாக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று பக்கம் பக்கமாக அடுக்கியிருந்தார்கள். இரு முனையிலும் அதே வரிசை என்பதால் டெஸ்டர் ஓகே சொல்லிவிடும். ஆனால் ஜாக்கில் 3-ஆவது, 6-ஆவது இடத்துக் கம்பிகள் இரண்டும் ஒரே ஜோடியாக முறுக்கியிருக்க வேண்டும். இங்கே ஒன்று பச்சை ஜோடியில், ஒன்று நீல ஜோடியில். முறுக்கு இருந்தால்தான் இரைச்சல் கழியும். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று அடுக்கி, ஜாக்கைத் திரும்பக் கிரிம்ப் செய்ததும் (அழுத்திப் பொருத்தியதும்) படம் உடையாமல் வந்தது.

எடிட்டிங் ரூம்:
எங்களுக்கு நேர்ந்தது கொஞ்சம் வேறு. சர்வரிலிருந்து வீடியோ ஃபைல் இழுக்க ஒரே ஒரு கம்ப்யூட்டர் மட்டும் படாத பாடு படும். பழுப்புக் கம்பி ஒன்று ஜாக்குக்குள் அறுந்திருந்தது. 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு (1000 மெகாபிட்) நான்கும் வேண்டும். அதனால் லைன் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிட்டது. எங்கள் ஸ்விட்சில் 1000 என்றால் பச்சை, 100 என்றால் ஆரஞ்சு விளக்கு. அந்தப் போர்ட் மட்டும் ஆரஞ்சாக எரிந்ததை வைத்துத்தான் பிடித்தோம்.