5 கிராம் சுண்ணாம்புக்கல்: விடை 1.2 லிட்டரா, 0.6 லிட்டரா?

செந்தூல் அப்பா:
மகள் படிவம் 4. வேதியியலில் மோல் (துகள்களை எண்ணும் அலகு) கணக்கு வந்ததிலிருந்து வீட்டில் தினமும் வாக்குவாதம். கேள்வி இதுதான்: 5 கிராம் கால்சியம் கார்பனேட்டை (சுண்ணாம்புக்கல்) 50 மில்லி, 1 மோலார் (லிட்டருக்கு 1 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் அறை நிலையில் எத்தனை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வரும்? மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 100 கிராம், ஆக 0.05 மோல், அறை நிலையில் ஒரு மோல் வாயு 24 லிட்டர் என்பதால் 24ஆல் பெருக்கினால் 1.2 லிட்டர் என்கிறாள். பின்பக்கத்தில் 0.6 என்று போட்டிருக்கிறது. பத்துமலையே இந்தக் கல்தான் என்றெல்லாம் விளக்குகிறாள், விடைதான் ஒத்துவரவில்லை. பாதி வாயு எங்கே போனது?

காஜாங் தம்பி:
அண்ணே, பயிற்சிப் புத்தகத்தில் விடை தப்பாக அச்சாவது சகஜம். விட்டுத்தள்ளுங்கள்.

பிறை டியூஷன் டீச்சர்:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். 0.6 சரிதான். பிள்ளை கல்லை மட்டும் எண்ணிவிட்டு அமிலத்தை மறந்துவிட்டாள்.

சமன்பாட்டைச் சமன் செய்து பார்த்தால் 1 மோல் கார்பனேட்டுக்கு 2 மோல் அமிலம் வேண்டும். கையில் இருப்பதோ 0.05 மோல் அமிலம். அது 0.025 மோல் கல்லைத்தான் கரைக்கும். வாயுவும் அதே 0.025 மோல், அதாவது 0.6 லிட்டர். மீதி 2.5 கிராம் கல் அப்படியே கிடக்கும்.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் செய்தே காட்டிவிடுவேன். சலவைக்கல் (இதுவும் கால்சியம் கார்பனேட்தான்) துண்டுகள் மேல் அமிலத்தை ஊற்றினால் புஸ்ஸென்று பொங்கும், அப்புறம் குமிழி குறைந்து குறைந்து நின்றுவிடும். அப்போது குடுவையின் அடியைப் பார்க்கச் சொல்வேன். கல் இன்னும் கிடந்தால் தீர்ந்தது அமிலம். எது முதலில் தீர்கிறதோ அதை வைத்துத்தான் வாயுவைக் கணக்கிட வேண்டும். கேள்வியில் அமிலம் மிகுதியாக இருப்பதாகச் சொல்லியிருந்தால் உங்கள் மகள் செய்த வழியே போதும். அமிலத்துக்குக் கன அளவும் செறிவும் கொடுத்திருந்தால் சும்மா கொடுக்கவில்லை. இரண்டுக்கும் மோல் கண்டுபிடிக்காமல் அடுத்த வரிக்குப் போகக்கூடாது.

செந்தூல் அப்பா:
நன்றி டீச்சர். பக்கத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு உடனே கேட்கிறாள்: அமிலத்தை 150 மில்லி ஆக்கினால் 1.8 லிட்டர் வருமா?

பிறை டியூஷன் டீச்சர்:
நல்ல கேள்வி. வராது. 100 மில்லியிலேயே 5 கிராம் கல்லும் கரைந்துவிடும், 1.2 லிட்டரோடு சரி. மேற்கொண்டு ஊற்றும் 50 மில்லிக்கு அங்கே வேலையே இல்லை. இன்னொன்று, அறை நிலைக்குப் பதில் திட்ட வெப்ப அழுத்த நிலை (0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தம்) என்று கேட்டிருந்தால் 24ஐ விட்டுவிட்டு 22.4ஆல் பெருக்கச் சொல்லுங்கள். அந்த வரியைப் படிக்காமலே மார்க்கைத் தொலைக்கிற பிள்ளைகள் நிறைய.