அம்பாசடர் மார்க் 2 இஞ்சின்: ஸ்லீவ் போடுவதா, போரிங்கிலேயே முடிப்பதா?

பாளையங்கோட்டை மார்க்2

வணக்கம். அப்பா ஓட்டிய 1972 அம்பாசடர் ஏழு வருஷமாக ஷெட்டிலேயே நிற்கிறது. போன மாசம் இஞ்சினை இறக்கிப் பிரித்துவிட்டேன். வண்டியோடு வந்த அதே 1489 சிசி பெட்ரோல் இஞ்சின்தான். நிறுத்துவதற்கு முன்பே நீலப் புகை விட்டது, சூடேறிவிட்டால் ஓட்டத்தில்கூட ஆயில் பிரஷர் 15 பவுண்டைத் தாண்டாது, பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு) அடியில் எப்போதும் ஆயில் சொட்டும்.

பிஸ்டன் தலையில் 020 என்று பொறித்திருக்கிறது, அதாவது ஸ்டாண்டர்டைவிட 20 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிசு, அதனால் ஏற்கெனவே ஒரு போரிங் (சிலிண்டரைப் பெரிதாக வெட்டுவது) ஆகியிருக்கிறது. பட்டறையில் அளந்ததில் 2-வது சிலிண்டர்தான் மோசம்: மேலே 73.72 மி.மீ., அடியில் பிஸ்டன் ரிங் ஓடாத இடத்தில் 73.53. மற்ற மூன்றும் இதைவிடப் பரவாயில்லை. ஒருவர் 30 தௌ ஓவர்சைஸ் போதும் என்கிறார், இன்னொருவர் நாலு சிலிண்டருக்கும் ஸ்லீவ் (உள்ளே புதுக் குழாய்) அடித்து ஸ்டாண்டர்டுக்கே கொண்டுவந்துவிடலாம் என்கிறார், மூன்றாவது ஆள் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு டீசல் இஞ்சின் வையுங்கள் என்கிறார். அந்தக் கடைசி யோசனை வேண்டாம். தெருமுனையில் இந்த இஞ்சின் சத்தம் கேட்டால் அம்மா அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைப்பார், அந்தச் சத்தம்தான் எனக்குத் திரும்ப வேண்டும். முதல் இரண்டில் எது சரி?

போரிங் பட்டறை, கோவை

தம்பி, நீங்கள் கொடுத்த அளவிலேயே பாதிப் பதில் இருக்கிறது. இந்த இஞ்சினுக்கு ஸ்டாண்டர்ட் போர் (சிலிண்டர் விட்டம்) 73.025 மி.மீ. 20 தௌ கூட்டினால் 73.53, உங்கள் அடி அளவு அதோடு சரியாகப் பொருந்துகிறது. மேலே 73.72 என்றால் தேய்மானம் 0.19. 30-க்கு வெட்டினால் 73.79 வரும், 73.72-ஐத் தாண்டிவிட்டதே, போதும் என்று தோன்றும். இங்கேதான் பல பேர் ஏமாறுகிறார்கள். சிலிண்டர் சுற்றிலும் ஒரே மாதிரி தேயாது, பிஸ்டன் அழுந்துகிற பக்கம்தான் அதிகம் போகும். அந்த 0.19-உம் ஒரே பக்கத்தில் போயிருந்தால், பழைய மையத்தை விடாமல் வெட்ட எதிர்ப்பக்கமும் 0.19 எடுக்க வேண்டும், அதாவது 73.91. ஆக 30-இல் நிறுத்தினால் தேய்ந்த பக்கத்தில் டூல் தொடாமலே ஒரு திட்டு நிற்கும். அதை மறைக்க போரிங் பாரை (வெட்டும் தண்டை) தேய்ந்த பக்கமாகக் கொஞ்சம் தள்ளி மையம் பிடிப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்யவே விடாதீர்கள், மேலே தேய்ந்த இடத்தில் மையம் பிடிக்கக் கூடாது, அடியில் ரிங் ஓடாத இடத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

அதனால் முதலில் டயல் கேஜை வைத்து கிராங்க் தண்டுக்கு நேராக ஒரு தடவை, குறுக்காக ஒரு தடவை, மேல், நடு, அடி என்று மூன்று உயரத்திலும் அளந்து எழுதி வாங்குங்கள். என் கணிப்பு, 40-க்கு, அதாவது 74.04-க்குப் போக வேண்டியிருக்கும். நாலையும் ஒரே அளவுக்குக் கொண்டுபோங்கள்.

ஸ்லீவ் தப்பில்லை, நானே நிறையப் போட்டிருக்கிறேன். ஆனால் அதற்கு பிளாக்கில் இன்னும் நிறைய இரும்பை வெட்டி எடுக்க வேண்டும், ஸ்லீவ் வெளிச்சுவரோடு முழுசாக ஒட்டாமல் எங்காவது இடைவெளி நின்றால் சூடு தண்ணீருக்குப் போகாது. விரிசல், ஆழமான கீறல், அல்லது 40-உம் தேய்ந்து முடிந்தது என்றால் அப்போது போடலாம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம்: பிஸ்டன் கைக்கு வராமல் பிளாக்கை மெஷினில் ஏற்றாதீர்கள். 40 செட் கிடைக்கவில்லை, ஸ்டாண்டர்ட் செட்தான் கிடைக்கிறது என்றால் ஸ்லீவ்தான் வழி, அப்போது நான் மேலே சொன்ன எதற்கும் அர்த்தமில்லை. கிடைத்த பிறகு ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அந்த பிஸ்டன் கம்பெனி சொல்லும் இடைவெளியைக் கூட்டி, அந்தந்த சிலிண்டரை அதற்கேற்ப வெட்ட வேண்டும். பெட்டியில் அச்சடித்த அளவை நம்பி வெட்டக் கூடாது.

ஆயில் ஒழுக்கு

போரிங் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார். உங்கள் பிரஷரும் ஒழுக்கும் கிராங்க் பக்கத்து வியாதி. இந்த இஞ்சினுக்கு கிராங்கைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங். பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது, கிராங்கிலேயே திருகு மாதிரி மரை வெட்டியிருப்பார்கள், சுற்றும்போது அது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். பின் மெயின் பேரிங் தேய்ந்து கிராங்க் ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டால் அந்த மரைக்கும் அதைச் சுற்றியுள்ள கூட்டுக்கும் உள்ள இடைவெளி கெட்டு, ஆயில் கிளட்ச் பக்கம் வரும். வெளியே சிலிக்கான் பூசி அதை நிறுத்த முடியாது, நான் இரண்டு தடவை முயன்று இரண்டு தடவையும் கியர்பாக்ஸை இறக்கினேன். ரிங் தேய்ந்து கீழே காற்று அழுத்தம் ஏறினாலும் இதே ஒழுக்கு வரும், அதனால் அந்த அழுத்தத்தை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மெயின் ஜர்னல் (மெயின் பேரிங்கில் சுற்றும் கிராங்கின் பகுதி) ஸ்டாண்டர்ட் விட்டம் 2 அங்குலம். நீள்வட்டமாகிவிட்டதா பார்த்து, தேவைப்பட்டால் கிரைண்டிங் கொடுங்கள், ஆனால் அதற்குப் பிறகு கிராங்கின் ஆயில் துளைகளை பிரஷ் விட்டுக் கழுவாமல் வாங்கி வராதீர்கள். பழைய சேறும் கிரைண்டிங் தூளும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும், முதல் ஸ்டார்ட்டில் நேரே புது பேரிங்குக்குப் போகும். நடு மெயினில், கிராங்க் முன்பின் நகராமல் பிடிக்கும் திரஸ்ட் வாஷரையும் மாற்றுங்கள். ஆயில் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்கைப் பார்க்க ஐந்து நிமிஷம்தான் ஆகும். சூடான இஞ்சின் ஓட்டத்தில் 50 பவுண்டு பக்கம் நிற்க வேண்டும்.

ஈயமில்லா பெட்ரோல்

ஹெட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. இது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து வார்ப்பிரும்பு ஹெட், வால்வு சீட் (வால்வு மூடும்போது உட்காரும் இடம்) தனியாக இல்லை, ஹெட்டிலேயே வெட்டியது. 2000-க்குப் பிறகு பங்கில் ஈயமே கிடையாது, நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் சீட் தேய்ந்து வால்வு மேலே ஏறிக்கொண்டே போகும், டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். பிரித்த கையோடு எக்ஸாஸ்ட் நாலுக்கும் ஹார்டு சீட் (தேயாத கடினமான தனி வளையம்) போட்டுவிடுங்கள். அதற்கு முன் இரண்டு வால்வுக்கும் நடுவில் விரிசல் இருக்கிறதா பாருங்கள்: கெரசின் தடவித் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடி தூவினால் விரிசல் இருக்கிற இடத்தில் கோடாக ஈரம் ஏறும். இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் பம்பு டயஃப்ரம், பழைய ரப்பர் ஹோஸ் எல்லாம் அதைத் தாங்குகிற ரகமாக வாங்குங்கள்.

பாளையங்கோட்டை மார்க்2

அண்ணாச்சி, நீங்கள் சொன்ன மாதிரியே திரும்ப அளக்கச் சொன்னேன். 2-வது சிலிண்டரில் குறுக்கே 73.72, கிராங்குக்கு நேராக 73.57 மட்டும்தான். 30 என்று சொன்னவரிடம் தாளைக் காட்டினேன், அவரே 40 என்று ஒத்துக்கொண்டார். புதுப்பேட்டை, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு என்று இரண்டு நாள் சுற்றி, ஒரே கம்பெனியின் 40 செட் ஒன்று கிடைத்தது, நாலும் எடையில் ஒன்றுக்கொன்று 3 கிராமுக்குள். ஹெட்டில் விரிசல் இல்லை. திங்கட்கிழமை பிளாக் மெஷினில் ஏறுகிறது.

போரிங் பட்டறை, கோவை

நல்லது தம்பி. ஹோனிங் (போரிங்குக்குப் பிறகு சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்ப்பது) கோடு குறுக்கும் நெடுக்குமாக 45 டிகிரி பக்கம் விழட்டும். முடிந்ததும் கெரசின் ஊற்றித் துடைத்து நிறுத்தாதீர்கள், எண்ணெய்தான் போகும், கல்தூள் கோட்டுக்குள்ளேயே தங்கும். சோப்பும் வெந்நீரும் போட்டு பிரஷால் தேய்த்துக் கழுவி, உடனே ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவுங்கள். ரிங்கை பிஸ்டனில் மாட்டும் முன் சிலிண்டருக்குள் விட்டு வாய் இடைவெளி பாருங்கள், 8-லிருந்து 12 தௌ இருக்க வேண்டும். கனெக்டிங் ராடின் மேல்முனை பிளந்து, ஒரு போல்ட் பிஸ்டன் பின்னைக் கவ்வுகிற மாதிரி இருந்தால், ராடை வைஸில் பிடித்து அந்த போல்ட்டை முறுக்காதீர்கள், ராடே முறுகும். பின்னின் இரண்டு முனையிலும் கட்டை வைத்து, பின்னைத்தான் வைஸில் பிடிக்க வேண்டும்.