தேக்குத் தரைக்கு முக்கால் இஞ்சா, ஒரு இஞ்சா? அவசரம்

புதுவீடு: வணக்கம். ஒரு அறைக்கு தேக்குப் பலகைத் தரை போடுகிறேன். மரக்கடையில் ஒரு இஞ்ச் பலகை இருக்கிறது, நன்றாகக் காய்ந்த மரமாம். ஆசாரி முக்கால் இஞ்சே போதும் என்கிறார். எதை வாங்க? திங்கட்கிழமை வேலை ஆரம்பம்.

கருமருது: எந்த ஊர்? அடியில் கான்கிரீட்டா, மரச்சட்டமா? பலகை அகலம் எவ்வளவு? ஈரம் அளந்தீர்களா?

இழைப்புளி: இந்தக் கேள்வி மாதாமாதம் வருகிறது, யாரும் பழைய பதிவுகளைப் படிப்பதில்லை. அறுத்த ஒரு இஞ்ச் பலகையை இரண்டு பக்கமும் இழைத்தால் 19, 20 மி.மீ.தான் மிஞ்சும். அதாவது முக்கால் இஞ்ச். ஆசாரியும் கடைக்காரரும் ஒரே பலகையைத்தான் சொல்கிறார்கள். தடிமனை விடுங்கள், ஈரத்தைப் பாருங்கள்.

மாடிவீட்டான்: தடிமனை அப்படி விட்டுவிட முடியாது. பின்னாளில் தேய்த்து பாலிஷ் போட முடிவது காடிக்கு (பலகைகளைக் கோக்கப் பக்கத்தில் வெட்டுகிற பள்ளம்) மேலே இருக்கிற 6, 7 மி.மீ. வரைதான்.

புதுவீடு: குன்னூர். கான்கிரீட், புதுசு. அகலம் 6 இஞ்ச். ஈரம் அளக்கவில்லை.

கருமருது: புதுக் கான்கிரீட்டா! முதலில் அதைச் சோதியுங்கள். ஒன்றரை அடிச் சதுரத்துக்கு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு ஓரமும் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் கோத்தாலோ தளம் கறுத்தாலோ பலகையைத் தொடவே வேண்டாம். அப்புறம் அகலம். 6 இஞ்ச் பலகை 18 சதவீத ஈரத்திலிருந்து 12க்கு இறங்கினால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒன்றரை மி.மீ. இடுக்கு விழும். 3 இஞ்ச் என்றால் அதில் பாதி.

நிழல்உலர்த்தி: மரத்தை நிழலில் அடுக்கி, இஞ்சுக்கு ஒரு வருஷம் காய விடுங்கள். கில்னில் (மரத்தைச் சூட்டில் காய வைக்கும் அறை) போட்டால் தேக்கின் எண்ணெய் போய்விடும்.

இழைப்புளி: தவறு. கில்ன் சூடு 60 டிகிரியை ஒட்டித்தான், எண்ணெய் எங்கும் போகாது. தவிர, குன்னூர் மழைக்காலக் காற்றில் எத்தனை வருஷம் அடுக்கினாலும் ஈரம் 12 சதவீதத்துக்கு இறங்காது.

நிழல்உலர்த்தி: என் தாத்தா வீட்டுத் தரைக்கு எந்தக் கில்ன்?

இழைப்புளி: அந்தக் காலத்து வைரம் பாய்ந்த முதிர்மரமும் இன்றைய தோட்டத்துத் தேக்கும் ஒன்றா? இளமரத்தில் வைரம் பாயாத வெள்ளைப் பகுதி அதிகம். அதைக் கழிக்காமல் விற்கிறார்கள்.

மாடிவீட்டான்: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். புதுவீடு, ஈரம் அளக்கும் மீட்டர் கிடைக்காவிட்டால் பலகையின் நடுவிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடை போடுங்கள். அடுப்பில் 103 டிகிரியில் எடை குறைவது நிற்கும்வரை வைத்து மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடையைக் காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம். 12ஐ ஒட்டி வந்தால் வாங்கலாம். வாங்கியதும் அதே அறையில் இடையிடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்கி, சில வாரம் பழக விடுங்கள். சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி கட்டாயம்.

புதுவீடு: மீட்டர் கிடைத்தது. மேலே 14, வெட்டின முனையில் 19. திங்கட்கிழமை வேலை ரத்து. ஷீட் ஒட்டியிருக்கிறேன். நன்றி.

கருமருது: முனையில் என்றால் பழைய முனையா, புதிதாகக் குறுக்கே வெட்டின நடுப்பகுதியா? மீட்டரில் மர வகையைத் தேக்குக்கு மாற்றி வைத்தீர்களா?