பழவேற்காட்டுக்கு ஒரு நாள் போதுமா?

ஆவடி வாசகி:
என் தந்தை ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். மகளுக்குப் பறவை என்றால் உயிர். ஜனவரியில் இருவரையும் பழவேற்காட்டுக்கு அழைத்துப்போக எண்ணியிருக்கிறேன். ஒரே நாளில் போய்த் திரும்பலாமா? ஏரியில் படகுச் சவாரி உண்டா? அங்கே கல்லறையைத் தவிர ஒன்றுமில்லை என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னதும் தயக்கம் வந்துவிட்டது.

ரயில் பயணி:
தாராளமாகப் போய்த் திரும்பலாம். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்குங்கள். அங்கிருந்து பஸ் இருக்கிறது.

ஏரிக்கரையான்:
கல்லறையைத் தவிர ஒன்றுமில்லை என்று சொன்னவர் ஏரியின் பக்கம் திரும்பியே பார்த்திருக்க மாட்டார். பிறந்து வளர்ந்த ஊர் என்பதால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் சகோதரி.

முதலில் படகு. 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. கரையில் யார் கூப்பிட்டாலும் குழந்தையோடு ஏறாதீர்கள்.

டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். நம் தறிகளில் நெய்த துணியைக் கிழக்கிந்தியத் தீவுகளில் (இன்றைய இந்தோனேசியா) கொடுத்து வாசனைச் சரக்கு வாங்கினார்கள். மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அதையும் தாத்தா பேத்திக்குச் சொல்லட்டும். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. கல்லறைத் தோட்டம்தான் நிலைத்திருக்கிறது. வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். உள்ளே கற்பலகைகளில் குடும்பச் சின்னங்கள் புடைப்பாக இருக்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது போனால் ஒவ்வொரு கோடும் துலங்கும். சின்னப் பள்ளிவாசலில் சூரியக் கடிகாரம் இருக்கிறது, அனுமதி கேட்டுப் பாருங்கள்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிது முகத்துவாரம். கடல்நீர் ஏரிக்குள் வருவது அதன் வழியாகத்தான். இறால் குஞ்சுகளும் அந்த வழியில்தான் உள்ளே வந்து வளர்கின்றன. மழைக்கால வெள்ளம் அதைத் திறந்துவிடும். கோடையில் மணல் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அடைபட்டால் ஏரி வற்றி உப்பு ஏறும், வலை வெறுமனே திரும்பும். எங்கள் ஊரின் அடுப்பு எரிவதும் அணைவதும் அந்த மணல் வாயைப் பொறுத்தது. ஆழமில்லாத சேற்றுநீரில் இருளர் பெண்கள் குனிந்து கையால் தடவி இறால் பிடிப்பதைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறி என்னும் ஓலைக் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். பிடித்த இறால் நேராகப் பறிக்குள் போகும். அவர்களைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

கூழைக்கடா:
பறவைக்கு மட்டும் ஒரு திருத்தம். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் குறுக்கே செல்கிறது. ஜனவரியில் அதன் இருபுறமும் பூநாரைக் கூட்டம் பார்க்கலாம். அருகில் நேலப்பட்டுப் பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருக்கும். கல்லறைக்கு ஒரு நாள், இதற்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மகளுக்கு ஒரு பைனாகுலர் அவசியம், பூநாரைகள் சாலையை விட்டுத் தள்ளித்தான் மேயும்.