கயிலாய யாத்திரை: அறுபதைக் கடந்த பின் துணியலாமா?

கேள்வி (தஞ்சை வாசகர்):

எனக்கு 61 வயது, மனைவிக்கு 57. பணி ஓய்வுக்குப் பின் கயிலாயத்தையும் மானசரோவரையும் கண்டுவிட வேண்டும் என்று நெடுநாளாகப் பேசிவருகிறோம். 2020 முதல் நின்றிருந்த யாத்திரை 2025 கோடையில் மீண்டும் தொடங்கியதும் அந்தப் பேச்சு வலுத்துவிட்டது. எனக்கு மாத்திரையால் கட்டுக்குள் இருக்கும் இரத்த அழுத்தம் உண்டு. ஆயினும் ஆண்டுதோறும் வெள்ளியங்கிரி ஏறி இறங்குகிறேன். மனைவிக்கு முழங்கால் வலி தவிர வேறு குறை இல்லை. சேமிப்பில் பெரும்பகுதியைக் கரைத்து, உடலையும் வருத்தி அவ்வளவு தூரம் போவது தகுமா, அல்லது நேபாளத்து முக்திநாத்தோடு மனம் நிறைவது நல்லதா? பக்தியைப் பற்றி நாங்களே பேசி முடித்துக்கொள்வோம். பயணத்தை அறிந்தவர்களின் கருத்தே எங்களுக்கு வேண்டும்.

மறுமொழி (கோவை, நேபாளம் வழியாகச் சென்று வந்தவர்):

வெள்ளியங்கிரி கால்களுக்கு நல்ல பயிற்சிதான், ஆனால் அதைக் கொண்டு கயிலாயத்தை அளக்க வேண்டாம். வெள்ளியங்கிரியின் உச்சி 2,000 மீட்டரைக்கூட எட்டுவதில்லை. மானசரோவரின் கரையே ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையைச் சுற்றிவரும் பரிக்கிரமப் பாதையோ டோல்மா கணவாயில் 5,600 மீட்டரைத் தாண்டுகிறது.

தகுமா என்று கேட்கும் முன் உங்களுக்குள் இன்னொன்றைக் கேட்டுப் பாருங்கள்: பரிக்கிரமம் வாய்க்காமல், ஏரியையும் மலையையும் கண்டதோடு திரும்ப நேர்ந்தால், செலவழித்த பணமும் பட்ட பாடும் வீண் என்று தோன்றுமா? தோன்றும் என்றால் போக வேண்டாம். என்னுடன் வந்தவர்களில் பலர், என்னைவிட இளையவர்கள் உட்பட, பரிக்கிரமம் தொடங்கும் யம துவாரத்திலோ முதல் நாள் இரவு தங்கலிலோ திரும்பிவிட்டார்கள். சிலரை உடல் தடுத்தது. சிலரைப் பனி தடுத்தது.

பரிக்கிரமம் ஏறத்தாழ 52 கிலோமீட்டர் சுற்று. நம்மவர்கள் வழக்கமாக மூன்று நாளில் நடக்கிறார்கள். முதல் நாள் ஆற்றங்கரையை ஒட்டிய மெல்லிய ஏற்றம். மூச்சு வாங்குமே தவிர அச்சமூட்டாது. அந்த நாளின் முடிவில் திராபுக் என்னும் இடத்தில் கயிலையின் வடமுகம் நேருக்கு நேர் நிற்கும். இந்தப் பயணம் முழுவதிலும் மலையை அதைவிட நன்றாகக் காணும் இடம் இல்லை என்பது என் கருத்து. கடினமான பகுதி அதற்குப் பிறகே தொடங்குகிறது. இரண்டாம் நாள் விடியுமுன் புறப்பட்டுக் கணவாயை ஏறிக் கடந்து, கௌரி குண்டம் என்னும் ஏரியைக் கீழே பார்த்தபடி செங்குத்தான கற்சரிவில் இறங்க வேண்டும். குதிரை அமர்த்தியவர்களும் அந்தச் சரிவில் இறங்கி நடந்துதான் ஆக வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு ஏற்றத்தைவிட அந்த இறக்கமே பெரிய சோதனை. ஆகவே திராபுக் வரை சென்று திரும்புவதை ஒரு குறையாக எண்ணாமல், அதையே உங்கள் பயணத்தின் எல்லையாக முதலிலேயே வகுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: 2026 திபெத்திய நாட்காட்டியில் குதிரை ஆண்டு. அந்த ஆண்டில் சுற்றும் ஒரு சுற்று பல சுற்றுகளுக்கு ஈடு என்பது அவர்களது நம்பிக்கை. கூட்டம் மிகுந்தே இருக்கும்.

மறுமொழி (பொது மருத்துவர்):

ஏரிக்கரையில் நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதிக்குச் சற்றே மிகுதியான ஆக்சிஜன்தான் இருக்கும். உடற்பயிற்சி செய்து தேறியவருக்கு உயர மலை நோய் வராது என்பது தவறான எண்ணம். தெம்புள்ளவர்கள் வேகமாக நடந்து முதலில் படுத்துவிடுவதும் உண்டு. 3,000 மீட்டருக்கு மேல், முந்தைய இரவு உறங்கிய உயரத்தைவிட 500 மீட்டருக்கு மிகாமல் மறு இரவின் தங்கலை அமைத்துக்கொள்வது பொதுவான விதி. நேபாளத்தின் நேபாள்கஞ்ச் சமவெளியிலிருந்து மலையூரான சிமிகோட்டுக்கு விமானத்திலும், அங்கிருந்து திபெத் எல்லையிலுள்ள ஹில்சாவுக்கு ஹெலிகாப்டரிலும் செல்லும் வழியில், இடையில் ஓய்வு நாட்கள் விடாத திட்டமானால் இந்த விதி காற்றில் பறந்துவிடும்.

நான் மிகவும் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. ஓய்வாக இருக்கும்போதே மூச்சுத்திணறினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே கீழே இறங்குவதே முதன்மையான மருத்துவம். கயிலாயத்தைச் சுற்றியுள்ள பீடபூமியில் அதற்கு வழி எளிதன்று. கயிலையின் அடிவாரத்திலுள்ள தார்ச்சென் ஊரே 4,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இறங்க வேண்டுமானால் வண்டியில் வெகுதூரம் போக வேண்டும். உயர மலை நோயைத் தடுக்கத் தரப்படும் டயமாக்ஸ் மாத்திரையை உங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். அழுத்தத்துக்கு நீங்கள் உண்ணும் மருந்தோடு சேர்த்துப் பார்த்தே அதை முடிவு செய்ய வேண்டும்.

மறுமொழி (திருச்சி):

போக வேண்டாம் என்பதே என் கருத்து. 2018 ஜூலையில் வானிலை கெட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய யாத்திரிகர்கள் சிமிகோட்டிலும் ஹில்சாவிலும் நாட்கணக்கில் சிக்கிக்கொண்டதை மறக்க முடியவில்லை. உத்தராகண்டில் நம் எல்லைக்குள்ளேயே ஆதி கயிலாயம் இருக்கிறது. தார்ச்சூலாவில் அனுமதி பெற்று ஜோலிங்கோங் வரை வாகனத்திலேயே செல்லலாம். உயரம் அங்கும் உண்டு, ஆனால் சிக்கல் நேர்ந்தால் எல்லை கடக்க வேண்டியதில்லை. முக்திநாத் சிறந்த தலமே. ஆனால் அது வைணவத் திவ்விய தேசம், கயிலைக்கு மாற்றாக எப்படி அமையும் என்பது விளங்கவில்லை. நடந்தும் தவழ்ந்தும் போன அப்பருக்கே கயிலைக் காட்சி திருவையாற்றில்தான் கிடைத்தது. தஞ்சைக்காரரான உங்களுக்கு அது பேருந்தில் போகும் தூரம்!

மறுமொழி (பினாங்கு):

எங்களைப் போன்ற வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசின் யாத்திரையில் இடம் இல்லை என்பதால் நான் லாசா வழியாகச் சென்றேன். லாசாவும் ஷிகாட்சேயும் நான்காயிரம் மீட்டருக்குக் கீழே இருப்பதால், அங்கே இரவுகளைக் கழித்துச் சாலை வழியாக மேற்கே சென்றபோது உடல் ஓரளவு பழகிவிட்டது. உங்களுக்கு அரசு யாத்திரை இருக்கிறது. 2025இல் உத்தராகண்டின் லிபுலேக் கணவாய் வழியாக ஐந்து குழுக்களும் சிக்கிமின் நாதுலா கணவாய் வழியாகப் பத்துக் குழுக்களும், குழுவுக்கு 50 பேராக 750 பேருக்கு இடம் ஒதுக்கினார்கள். நாதுலா வழியில் பெரும்பாலும் வண்டிப் பயணமே. வயது 70க்குள்ளும் உடல் எடைக் குறியீடு 25க்குள்ளும் இருக்க வேண்டும். தில்லியில் மருத்துவத் தேர்வு உண்டு. அங்கே உங்களைத் தடுத்தால், உங்கள் கேள்விக்கு அதுவே விடை என்று கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. நாதுலா வழிக்கு விண்ணப்பித்து, யாத்திரிகர்களைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலிலும் மருத்துவத் தேர்விலும் தேறினால் மட்டும் செல்வதென்று முடிவு செய்திருக்கிறோம். முதல் நாள் நடையே போதும் என்கிறார் மனைவி. அவருக்கு அதுவும் இயலாமற்போனால் தார்ச்செனில் தங்கவைத்துவிட்டு நான் மட்டும் போகலாமா?

மறுமொழி (கோவை):

தங்கலாம், ஒவ்வொரு குழுவிலும் சிலர் அப்படி விடுதியில் இருந்துவிடுவது வழக்கம். ஆனால் குழுவின் மருந்துப் பெட்டியும் ஆக்சிஜன் உருளையும் பெரும்பாலும் நடப்பவர்களோடு போய்விடும். தங்குபவர்களுக்குத் தனியாக ஓர் உருளையும், வண்டியோடு ஓர் ஓட்டுநரும் இருப்பார்களா என்பதைப் பரிக்கிரமம் தொடங்கும் முன்பே குழுப் பொறுப்பாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தமிழக அறநிலையத் துறை மானசரோவர் சென்று திரும்புவோருக்கு மானியமும் வழங்குகிறது. பயண ஆவணங்களின் நகல்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.