‘ஸ்காலர்ஷிப்’ என்றால் உதவித்தொகை மட்டும்தானா?

கேள்வி:
வரலாற்றுக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கம் செய்கிறேன். ஒரு பத்தி ‘ரீசன்ட் ஸ்காலர்ஷிப் ஹேஸ் ஷோன்…’ என்று தொடங்குகிறது. உதவித்தொகை என்று போட்டால் பொருள் நிற்கவில்லை. அகராதியில் ‘புலமை’ என்றும் இருக்கிறது. எதை எழுதுவது?

பதில் 1:
இரண்டும் வேண்டாம். இங்கே அது ஒரு துறையில் அறிஞர்கள் இதுவரை செய்துள்ள ஆய்வுகள் அனைத்தையும் சேர்த்துக் குறிக்கிறது. ‘அண்மைக்கால ஆய்வுகள் காட்டுவதுபோல்’ என்று எழுதுங்கள். புலமை என்பது ஒருவரிடம் இருக்கும் குணம். ‘அண்மைக்காலப் புலமை’ என்றால் தமிழில் ஒட்டாது. ‘எ ஒர்க் ஆஃப் கிரேட் ஸ்காலர்ஷிப்’ என்று வந்தால் மட்டும் ‘பெரும்புலமை வாய்ந்த நூல்’ எனலாம்.

பொருளைப் பிரித்தறிய இலக்கணம் உதவும். உதவித்தொகை எண்ணக்கூடியது, முன்னால் ‘எ’ வரும், பன்மையும் உண்டு. ஆய்வு, புலமை என்ற பொருளில் பன்மை வராது. மேலே சொன்ன நூல் உதாரணத்தில் உள்ள ‘எ’, ‘ஒர்க்’ என்ற சொல்லுக்கு உரியது. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ‘ஆன்’ எந்தப் பக்கம் நிற்கிறது என்றும் பாருங்கள். ‘ஸ்காலர்ஷிப் ஆன் பிளேட்டோ’ என்றால் பிளேட்டோ பற்றிய ஆய்வுகள். ‘ஸ்டடியிங் ஆன் எ ஸ்காலர்ஷிப்’ என்றால் உதவித்தொகையில் படிப்பது.

பதில் 2:
‘ஸ்காலர்’ என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. ‘ஷேக்ஸ்பியர் ஸ்காலர்’ என்பவர் ஷேக்ஸ்பியரை ஆழக் கற்ற அறிஞர். ‘ரோட்ஸ் ஸ்காலர்’ என்பவர் ரோட்ஸை ஆராய்ந்தவர் அல்லர். 1902இல் இறந்த செசில் ரோட்ஸின் உயிலால் ஏற்பட்ட உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பவர், படித்தவர். ‘ரோட்ஸ் அறிஞர்’ என்று எழுதினால் வாசகர் தவறாகவே புரிந்துகொள்வார்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் ‘ரிசர்ச்’ என்பதற்கும் ஆய்வுதானே? அதே கட்டுரையில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன.

பதில் 1:
அங்கே ‘ரிசர்ச்’சுக்கு ‘ஆராய்ச்சி’ போடுங்கள். புதிதாக ஒன்றைக் கண்டறியும் பணி அது. ‘ஸ்காலர்ஷிப்’ அதைவிட அகலமானது. சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்பது, உரை எழுதுவது, முன்னோர் சொன்னதை மதிப்பிடுவது எல்லாம் அதற்குள் அடங்கும். எனவே ‘ஆராய்ச்சியும் புலமைப் பணியும்’ என்பது பொருந்தும்.

பதில் 3:
ஒரு சிறு எச்சரிக்கை: ‘ஸ்காலர்லி’ என்றால் ஆய்வுநெறிக்கு உட்பட்டது. ‘ஸ்காலஸ்டிக்’ பெரும்பாலும் பள்ளிப் படிப்பு சார்ந்தது. வரலாற்றுக் கட்டுரையில் வந்தால் இடைக்கால ஐரோப்பிய மெய்யியல் மரபையும் குறிக்கலாம்.