பிளைவுட் பலகைகளுக்குச் சக்கரத் தாங்கி: ஆலோசனை தேவை

வினா:
சிங்கப்பூரின் சுங்கை காடுட் தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் தச்சுப் பட்டறையில் எட்டுக்கு நான்கு அடிப் பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பதால், பின்னால் இருப்பதை எடுக்க ஒவ்வொரு முறையும் முன்னுள்ள அனைத்தையும் நகர்த்த வேண்டியிருக்கிறது. 18 மி.மீ. பலகைகள் பத்தைத் தாங்கும் தள்ளுவண்டியை எப்படிச் செய்வது?

மறுமொழி 1:
ஐயா, முதலில் எடையைக் கணக்கிடுங்கள். மரவகையைப் பொறுத்துப் பலகை ஒன்று 30 கிலோவுக்கு மேலும் இருக்கும் என்பதால், வண்டியின் எடையையும் சேர்த்தால் 400 கிலோவை நெருங்கிவிடும். மேடுபள்ளமான தரையில் நான்கில் ஒரு சக்கரம் தூக்கிக்கொள்ளும் என்பதால், மூன்று சக்கரங்களே முழுச் சுமையையும் தாங்கும்படி, ஒவ்வொன்றும் 150 கிலோ தாங்குபவையாக வாங்குங்கள். விட்டம் 125 மி.மீ. இருக்கட்டும், சிறிய சக்கரம் சரக்கு மின்தூக்கியின் வாசல் இடுக்கில் சிக்கிக்கொள்ளும்.

மறுமொழி 2:
இருபுறமும் சாய்க்கும் கூடார வடிவச் சட்டமே எனக்குப் பிடித்தது. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் காலி செய்தால் வண்டி கவிழக்கூடும். ஆகவே அடித்தளத்தை அகலமாக அமைத்து, இருபுறமும் மாறி மாறி எடுங்கள். பலகை விழுந்து சக ஊழியர் ஒருவரின் கால் முறிந்ததைக் கண்டவன் என்பதால், முன்பக்கத்தில் பட்டை கட்டுவதையும் வலியுறுத்துகிறேன்.

மறுமொழி 3:
நம் ஊர் ஈரப்பதத்தில் மெல்லிய பலகைகள் விரைவில் வளையும். அவற்றின் பின்புறம் முழுவதற்கும் தாங்கல் கொடுங்கள்.